சேலத்து மாணவர்களுக்கு இயற்பியல் முதுகலையும் முனைவர் பட்டமும்: முழுமையான வழிகாட்டி

இளநிலை இயற்பியல் படித்துக்கொண்டிருப்பவர்கள், எம்.எஸ்சி.யில் சேர்ந்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் ஆகிய இரு சாராருக்காகவும் இதை எழுதுகிறேன். ஓமலூர், ஆத்தூர், மேட்டூர், சங்ககிரி என்று சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் இந்தப் படிப்புக்கு வருபவர்களில் பலர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள். அவர்களிடம் திறமைக் குறைவை நான் கண்டதில்லை. நுழைவுத் தேர்வு ஒன்று இருக்கிறது என்பதே அதன் விண்ணப்பம் முடிந்த பிறகுதான் தெரிந்தது என்று சொல்பவர்களைத்தான் ஆண்டுதோறும் காண்கிறேன். ஆகவே எதை எப்போது தொடங்க வேண்டும் என்பதையே இங்கு முதன்மையாகச் சொல்கிறேன். பொதுவாக, கல்லூரியில் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச்சு எழுவதற்கு ஓராண்டு முன்பே நீங்கள் அதைத் தொடங்கியிருக்க வேண்டும்.

படி 1: எந்த வழியாகச் செல்வது என்பதை இரண்டாம் ஆண்டு முடிவிலேயே தீர்மானித்தல்

சேலத்து மாணவருக்கு முன்னால் உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, உள்ளூரிலேயே எம்.எஸ்சி. சேருவது. 1997-இல் தொடங்கப்பட்ட பெரியார் பல்கலைக்கழகம் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகளையும் இணைத்துக்கொண்டிருக்கிறது. கருப்பூரில் உள்ள அதன் வளாகத்திலேயே இயற்பியல் துறை இயங்குகிறது. அரசு கலைக் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் எம்.எஸ்சி. இயற்பியல் கிடைக்கிறது. வீட்டில் இருந்தபடியே டவுன் பஸ்ஸில் போய்வந்து படிக்கலாம் என்பதும் கட்டணம் குறைவு என்பதும் சிறிய நன்மைகள் அல்ல.

இரண்டாவது, ஜாம் எனப்படும் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி. சேருவது. இதே மதிப்பெண்ணைக் கொண்டு தனிக் கலந்தாய்வு வழியாகத் திருச்சி உள்ளிட்ட என்.ஐ.டி.க்களிலும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் பட்டப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஒருங்கிணைந்த படிப்பு என்பது இளநிலை முடித்தவரை நேரடியாக ஆராய்ச்சிப் பாதையில் எடுத்துக்கொள்வது. இடையில் மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வுக்காக ஓட வேண்டியதில்லை என்பதால், ஆராய்ச்சிதான் என்று மனத்தில் உறுதிப்பட்டவர்களுக்கு இதையே நான் முதலில் சொல்வேன்.

மூன்றாவது, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுகலைத் தேர்வு. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் இதன்வழி மாணவர்களைச் சேர்க்கின்றன. ஜாமுக்குத் தயாரானவர் இதற்கென்று தனியாகப் படிக்க வேண்டியது மிகக் குறைவு.

உள்ளூரில் படித்தால் வாய்ப்பு குறைந்துவிடும் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் உள்ளூரில் படிப்பவர், பாடத்திட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகத் தானே படித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது உண்மை. அந்தக் கூடுதல் என்ன என்பதைப் படி 3-இல் விரிவாகப் பார்ப்போம்.

படி 2: ஜாம் தேர்வு

விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் திறக்கும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். இதில் 30 கேள்விகள் ஒரே சரியான விடை உள்ளவை. தவறாக எழுதினால் அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். 10 கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். மீதி 20 கேள்விகளுக்கு விடையை எண்ணாகவே தட்டச்சு செய்ய வேண்டும். பின்னிரண்டு வகைக்கும் கழிவு மதிப்பெண் கிடையாது.

நம் மாணவர்கள் தடுமாறுவது அந்த எண் விடைக் கேள்விகளில்தான். பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு சமன்பாட்டை ஐந்து பக்கத்துக்கு வருவித்தால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அதில் எண்களைப் போட்டுப் பார்த்த பழக்கம் இருக்காது. எனவே இரண்டாம் ஆண்டு கோடை விடுமுறையிலிருந்து ஒவ்வொரு தேற்றத்துக்கும் குறைந்தது மூன்று கணக்குகளை எண் விடை வரும்வரை போடுங்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்ப்பது வேறு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பார்ப்பது வேறு.

படி 3: எம்.எஸ்சி. முதலாண்டில் நான்கு பாடங்களை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுதல்

எம்.எஸ்சி. முதல் இரண்டு பருவங்களில் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் செவ்வியல் இயக்கவியல், கணித இயற்பியல், மின்காந்தவியல், குவாண்டம் இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல், மின்னணுவியல் ஆகியவை வரும். மற்றவற்றைத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் சமாளித்துவிடலாம். கணித இயற்பியல், குவாண்டம், மின்காந்தவியல், புள்ளியியல் இயக்கவியல் ஆகிய நான்கும் அப்படியல்ல. பின்னால் எழுதப்போகும் எல்லாத் தேர்வுகளிலும், செல்லப்போகும் எல்லா நேர்முகங்களிலும் இவைதான் கேட்கப்படும்.

இவற்றிலும் கணித இயற்பியலை முதலாவதாக வையுங்கள். அணிகளின் ஐகன் மதிப்பு, சிக்கலெண் தொகையீடு, ஃபூரியர் மாற்றம், வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகியவை கைக்கு எளிதாக வந்துவிட்டால், குவாண்டம் பாடத்தில் பாதி பயம் போய்விடும். சீரிசை அலையியற்றியின் ஆற்றல் மட்டங்களைத் தொடர் விரிவு முறையில் ஒரு முறையும், ஏணிச் செயலிகளைக் கொண்டு ஒரு முறையும், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெறும் தாளில் வருவித்துப் பாருங்கள். இரண்டும் தடங்கலின்றி வந்தால் முதல் பருவக் குவாண்டம் உங்களிடம் இருக்கிறது என்று கொள்ளலாம். வராவிட்டால், அகமதிப்பீட்டில் 25-க்கு 24 வாங்கியிருந்தாலும் பயனில்லை.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலப் பாடநூல்களைக் கண்டு மலைப்பது இயல்பு. ஆனால் இயற்பியல் நூல்களின் ஆங்கிலம் மிகச் சிறிய சொற்தொகைக்குள் அடங்கிவிடுவது. ஓர் அத்தியாயத்தைப் படித்ததும் அதன் கருத்தை அறைத்தோழருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள். எங்கே வாய் தடுமாறுகிறதோ அங்கேதான் புரியாமல் தாண்டி வந்திருக்கிறீர்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் முழுப் பாடத் தொடர்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இவ்வளவு பெரிய உதவி முந்தைய தலைமுறைக்குக் கிடைக்கவில்லை.

படி 4: ஆய்வகத்தைப் பதிவேட்டோடு நிறுத்தாமல் இருத்தல்

ரெக்கார்டு நோட்டில் மூத்த மாணவரின் அளவீடுகளைப் பார்த்து எழுதும் வழக்கம் எங்கும் உண்டு. அதைப் பற்றிப் புலம்புவதைவிட, அளவீடு என்றால் என்ன என்பதை ஒரே ஒரு சோதனையிலாவது முழுமையாகக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்கு எல்லா எம்.எஸ்சி. ஆய்வகங்களிலும் பார்க்கக்கூடிய, கதிர்வீச்சை எண்ணும் கைகர்-முல்லர் குழாயே போதும்.

கதிரியக்க மூலம் எதையும் வைக்காமலே அந்தக் குழாய் எண்ணிக்கொண்டிருக்கும். அந்த எண்ணிக்கையில் ஒரு பங்கு வானிலிருந்து வரும் அண்டக் கதிர்களால் உண்டாவது. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் (அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் துகள்) வீதம் வந்து விழுகிறது. உயரம் கூடக் கூட இந்த வீதமும் கூடும். சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் 1.2 கிலோமீட்டர் மேலே போய்விடுகிறோம். ஆகவே, சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒரே குழாயை வைத்து அளந்து ஒப்பிடுவது நல்ல எம்.எஸ்சி. புராஜெக்ட் ஆகும் என்று தோன்றும். தோன்றுவது சரியே; ஆனால் அதற்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதற்சிக்கல் புள்ளியியல் சார்ந்தது. 100 எண்ணிக்கை கிடைத்தால் அதன் நிச்சயமின்மை அதன் வர்க்கமூலமான 10, அதாவது 10 விழுக்காடு. 10,000 எண்ணிக்கை எடுத்தால்தான் அது 1 விழுக்காடாகக் குறையும். நிமிடத்துக்கு 30 வீதம் எண்ணும் குழாய்க்கு 10,000-ஐ எட்ட ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதிய உணவுக்கு முன் ஏறி, படகுத்துறையைப் பார்த்துவிட்டு மாலைப் பேருந்தில் இறங்கிவிடும் திட்டத்தில் இது அடங்காது.

இரண்டாவது சிக்கல்தான் சுவையானது. பாறையிலும் மண்ணிலும் கட்டடச் சுவரிலும் உள்ள பொட்டாசியம், தோரியம் ஆகியவற்றின் கதிர்வீச்சையும் குழாய் சேர்த்தே எண்ணுகிறது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையும் சேலத்துக் கட்டடத் தரையும் ஒன்றல்ல. ஆகவே கிடைத்த வேறுபாடு உயரத்தால் வந்ததா, தரையால் வந்ததா என்று சொல்ல முடியாது. இதைத் தீர்க்க இரண்டு குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டும் ஒரே கணத்தில் துடித்தால் மட்டும் எண்ணும் ஒருநிகழ்வுச் சுற்றை அமைக்க வேண்டும். மியூவான் இரண்டையும் ஊடுருவிச் செல்லும். பாறையிலிருந்து வரும் கதிர் பெரும்பாலும் ஒன்றோடு நின்றுவிடும். எண்ணும் வீதம் அப்போது வெகுவாகக் குறைந்துவிடுவதால் மறுபடியும் முதற்சிக்கலுக்கு வந்து நிற்போம். இந்த இழுபறியைத் தாளில் கணக்கிட்டு, எத்தனை நாள் அளந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த மாணவரை எந்த ஆய்வகமும் எடுத்துக்கொள்ளும்.

படி 5: கோடைக்கால ஆய்வுப் பயிற்சி

நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தின்கீழ் இரண்டு மாதங்கள் தேசிய ஆய்வகம் ஒன்றில் தங்கிப் பணியாற்றலாம். விண்ணப்பம் கோடைக்கு முன் அல்ல, அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிந்துவிடும். எம்.எஸ்சி. முதல் பருவத்தில் சேர்ந்து தோழர்களின் பெயர்களே மனத்தில் பதியாத நேரத்தில் இது வருவதால், பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள்.

இங்கே சேலத்தின் இருப்பிடம் நமக்குச் சாதகமானது. பெங்களூரு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். சென்னையைவிட அருகில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகம், ராமன் ஆய்வு நிறுவனம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம், ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் ஆகியவை அங்கே உள்ளன. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவருகிறது. சென்னைப் பக்கம் பார்த்தால் தரமணியில் 1962-இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனமும் கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. பொதுச் சொற்பொழிவு, திறந்த நாள் என்று ஏதாவது ஒன்று நடக்கும்போது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது, விண்ணப்பத்தில் எழுதுவதற்கு ஒரு முகத்தைத் தரும்.

படி 6: தகுதித் தேர்வுகள்

முனைவர் பட்டத்துக்குப் பணத்துடன் போக வேண்டுமானால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெறுவதே நேர்வழி. ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படும் இத்தேர்வை எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே எழுதலாம். இயற்பியல் தாளில் மூன்று பகுதிகள்: முதற்பகுதி பொதுத் திறன், இரண்டாவது அடிப்படை இயற்பியல், மூன்றாவது மேல்நிலைக் கேள்விகள். மொத்தம் 75 கேள்விகளில் 55-க்கு மட்டுமே விடையளிக்க வேண்டும், மதிப்பெண் 200. மூன்றாம் பகுதியில் ஒவ்வொரு கேள்விக்கும் 5 மதிப்பெண். தவறான விடைக்குக் கால் பங்கு கழிக்கப்படும். இருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் தொட முயல்வதைவிட, எதை விடுவது என்று அறிந்து விடுபவர்களே தேறுகிறார்கள்.

2024 முதல் நெட் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: உதவித்தொகையோடு கூடியது, உதவிப் பேராசிரியர் தகுதியும் முனைவர் பட்டச் சேர்க்கையும், முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும். பின்னிரண்டும் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேட் எனப்படும் பட்டதாரித் தகுதித் தேர்வின் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். ஐ.ஐ.டி.க்களின் முனைவர் பட்ட நேர்முகத்துக்கும், பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளிக்கும் அது வழி திறக்கும். கோட்பாட்டு இயற்பியல், வானியல் ஆகியவற்றில் ஆர்வமுள்ளவர்கள் ஜெஸ்ட் எனப்படும் கூட்டு நுழைவுத் தேர்வையும், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேர்வையும் எழுத வேண்டும். இவை இரண்டும் மனப்பாடத்தை அறவே சீந்துவதில்லை.

படி 7: கைடு தேடுதல்

இதில் அவசரப்பட்டவர்கள் ஐந்தாண்டு வருந்துவார்கள். உடன் பணியாற்றப்போகும் கைடின் (ஆய்வு வழிகாட்டியின்) பெயரை முதலில் ஷோத்கங்கா தளத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே முழுமையாகக் கிடைக்கின்றன. அவரிடம் முன்பு படித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டைத் திறந்து, முடிவுகள் பகுதியை மட்டும் வாசித்தாலே பல செய்திகள் தெரிந்துவிடும்.

எதைப் பார்ப்பது? நம் மாநிலத்தில் பொருளறிவியல் ஆய்வு மிகுதி. நானோ துகள் தயாரித்து, எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் படம் எடுத்து, ஷெரர் சமன்பாட்டில் துகளின் அளவைக் கணக்கிடுவது ஏறத்தாழ எல்லா ஆய்வேட்டிலும் உண்டு. துத்தநாக ஆக்சைடை எடுத்துக்கொள்வோம். தாமிரத்தின் 1.5406 ஆங்ஸ்ட்ராம் கதிரில் அதன் பெரிய முகடு 36.25 பாகையில் வருகிறது. முகட்டின் அரை உயர அகலம் 0.40 பாகை என்றால், அதை ரேடியனுக்கு மாற்றி, 36.25-இல் பாதியான கோணத்தின் கொசைனால் பெருக்கி, 0.9-ஐ அலைநீளத்தால் பெருக்கிய தொகையை அதனால் வகுத்தால் ஏறத்தாழ 21 நானோமீட்டர் வரும். பாதிக் கோணத்தை எடுக்க மறந்தவருக்கு 25 வரும். ரேடியனுக்கு மாற்ற மறந்தவருக்கு 0.36 நானோமீட்டர் வரும். அது அந்தப் படிகத்தின் ஓர் அலகுக் கூட்டின் உயரத்தைவிடவும் சிறியது. ஆனால் இவற்றைவிட நுட்பமான ஒன்று உண்டு. கருவியே முகட்டைச் சிறிது அகலப்படுத்தும். அந்தக் கருவி அகலம் 0.15 பாகை என்றால், இரண்டின் வர்க்கங்களையும் கழித்து வர்க்கமூலம் எடுக்க, உண்மையான அகலம் 0.37 பாகையாகவும் துகளளவு ஏறத்தாழ 22.5 நானோமீட்டராகவும் ஆகிறது.

இந்தத் திருத்தம் ஓர் ஆய்வேட்டில் செய்யப்பட்டிருக்கிறதா, இல்லை 20.90 என்று இரண்டு தசம இடம்வரை எழுதி மகிழ்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த ஒரு பத்தி, அந்த ஆய்வகத்தில் அளவீடு எவ்வாறு மதிக்கப்படுகிறது என்பதைக் காட்டிவிடும்.

அடுத்து, அங்கே இப்போது பணியாற்றும் ஸ்காலர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். சேர்ந்து எத்தனை ஆண்டாகிறது, உதவித்தொகை மாதாமாதம் வருகிறதா, கருவிகள் அங்கேயே இருக்கின்றனவா, மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். உதவித்தொகையே இல்லாமல், கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யும் பலரை நான் அறிவேன். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிறகு தெரிந்துகொள்வதற்குப் பதிலாக முதலிலேயே தெரிந்துகொண்டு அதை ஏற்பது நல்லது.

கைடுக்கு எழுதும் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும். அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த உண்மையான ஐயம் ஒன்றைக் கேளுங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால், பெறுபவருக்கு முதல் வரியிலேயே அது தெரிந்துவிடும்.

படி 8: நேர்முகம்

உனக்குப் பிடித்த பாடம் எது என்பதுதான் வழக்கமான முதற்கேள்வி. நன்றாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பெரிதாகத் தெரிய வேண்டும் என்று புலக்கோட்பாடு என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். பிறகு ஏதாவது ஒன்றைத் தோராயமாகக் கணக்கிடச் சொல்வார்கள். இதற்கு ஊரைச் சுற்றி இருப்பவற்றிலேயே பழகலாம்.

மேட்டூர் அணை 120 அடி நிரம்பியிருக்கும்போது அதில் சேர்ந்துள்ள ஆற்றல் எவ்வளவு? கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது நாளிதழிலேயே வரும்; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஒரு கன அடி 0.0283 கன மீட்டர் என்பதால், நீர் ஏறத்தாழ 265 கோடி கன மீட்டர், நிறை 2.65 × 10¹² கிலோகிராம். 120 அடி என்பது 36.6 மீட்டர். பள்ளத்தாக்கு மேலே விரிந்து கீழே குறுகுவதால் நீரின் நிறை மையம் பாதிக்குச் சற்று மேலே, 20 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்தால் ஆற்றல் ஏறத்தாழ 5 × 10¹⁴ ஜூல், அதாவது 15 கோடி யூனிட் மின்சாரம். விடை இரு மடங்கு பிசகினாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். நிறை மையத்தை ஏன் 20 மீட்டரில் வைத்தாய் என்று கேட்பார்கள்; அதற்குக் காரணம் சொல்வதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

படி 9: வீட்டாரிடம் சொல்ல வேண்டியதும் விதிமுறைகளும்

எப்போது சம்பாதிக்கப் போகிறாய் என்ற கேள்வி வீட்டில் வரும். தறியோ கொலுசுப் பட்டறையோ வைத்து நடத்துகிறவர்களுக்கு, ஐந்தாண்டு மேலும் படிப்பு என்பது கணக்கில் இடிக்கத்தான் செய்யும். அதற்கு எண்ணால் விடை சொல்லுங்கள். 2023 முதல் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படியும் உண்டு. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் சேருவதாக இருந்தால், அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதைச் சேருமுன்னே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுதியாக ஆறாண்டு. பெண்களுக்கு இரண்டாண்டு கூடுதல் சலுகை உண்டு. குறைந்தது 12 கிரெடிட் பாடங்களை எழுதித் தேற வேண்டும். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். இடம் இல்லை என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இதுவே காரணம். எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது, அதில் சேர்க்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆய்வேடு ஒப்படைக்கக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் மானியக் குழு நீக்கிவிட்டது என்றாலும், அந்தந்தப் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கக்கூடும். ஆகவே பதிவு செய்யும் நாளிலேயே அங்குள்ள விதிப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிட்டுத் தருகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் மட்டும் எந்த அவசரத்திலும் போக வேண்டாம். அந்தக் கட்டுரை பிற்காலத்தில் ஒவ்வொரு வேலை நேர்முகத்திலும் உங்கள் பெயரோடு மேசைக்கு வரும்.